பெற்றோல்மாக்ஸ் மென்டிலில் கிடக்கும் தோரியம்

2 பங்குனி 2024, காலை. வடமராட்சி வாசகர் ஒருவரின் கேள்வி

"அப்பா காலமாகி வீடு துப்புரவாக்கேக்க பரணில ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள இரண்டு டசின் பெற்றோல்மாக்ஸ் மென்டில் பைக்கட் உடைக்காமல் கிடந்தது. உள்ளுக்க ஏதோ அரிய உலோகம் இருக்காம், லட்சக்கணக்கில போகுமாம் எண்டு ஒராள் வந்து விலை கேட்டிட்டுப் போறார். கனடாவில இருக்கிற தம்பி, அது கதிர்வீச்சுச் சாமான், கையாலயும் தொடாதேங்கோ எண்டு கத்துறான். எது உண்மை?"

2 பங்குனி, இரவு

இரண்டிலும் பாதி பாதி உண்மை. மென்டிலில், அதாவது பெற்றோல்மாக்ஸ் விளக்குக்குள் நின்று வெளிச்சம் தரும் வலைத்துணிப் பையில், இருப்பது தோரியம். அணுவெண் 90. கதிர்த்தொழிற்பாடுள்ள உலோகம்தான். ஆனால் அரியது இல்லை. புவியோட்டில் யுரேனியத்தைப் போல மூன்று நான்கு மடங்கு தோரியம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஈயத்தின் அளவு. ஒரு மென்டிலில் கால் கிராம் அளவில் இருக்கும், சிலதில் அதற்குக் கொஞ்சம் கூட. இரண்டு டசினையும் ஒன்றாகச் சேர்த்தால் ஆறு ஏழு கிராம். இதற்கு லட்சம் கொடுப்பேன் என்று வருகிறவர் மென்டில் வாங்க வரவில்லை. பிறகு "சோதிக்கிறதுக்கு முற்பணம்" என்று ஏதாவது கேட்பார். காசு கொடுக்க வேண்டாம்.

தம்பிக்குச் சொல்லுங்கள், பைக்கட்டோடு தொடுவதால் ஒன்றும் ஆகாது. பைக்கட்டைப் பிரித்து உதற வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான்.

3 பங்குனி

நேற்று இரவு சுருக்கமாக எழுதிவிட்டுப் படுத்தேன், நித்திரை வரவில்லை. மென்டில் என்றால் எனக்கு ஐயாதான்.

ஐயா சுன்னாகத்தில் லைற் வாடகைக்கு விட்டவர். கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, எல்லாத்துக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் பெற்றோல்மாக்ஸ் போகும். பதினெட்டு இருந்தது. பின்னேரம் நாலு மணிக்குத் திண்ணையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் வார்த்து, நிப்பிளில் ஊசி குத்தி, சிமினி துடைத்து முடிக்கப் பொழுதுபடும். மூத்த பிள்ளை நான்தான், அதனால் ஊசி குத்துவது என் வேலை.

மென்டில் கட்டுவதை மட்டும் ஐயா எவரிடமும் விடமாட்டார். மெல்லிய கடதாசிப் பைக்கட்டுக்குள் மடித்த வலைத்துணிப் பை, வாயில் நூல். பீங்கான் மூக்கில் மாட்டி நூலை இறுக்கி முடிச்சுப் போட்டு, சுருக்கங்களை விரல் நுனியால் சரிசமமாகப் பரப்புவார். ஒரு பக்கம் சுருங்கி நின்றால் அந்தப் பக்கம் ஓட்டை விழும். பிறகு ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, காற்றடித்து, நெருப்பு. துணி முதலில் கறுக்கும், கருகும், ஓரத்திலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று மேலே ஏறும். ஒரு நிமிடத்தில் துணி என்று ஒன்றும் இல்லை. பழைய பையில் பாதி அளவுக்குச் சுருங்கின வெள்ளைச் சாம்பல் பை ஒன்று நெருப்புக்குள் நிமிர்ந்து நிற்கும். "பிள்ளை, மூச்சை அடக்கிக்கொண்டு நில்" என்பார். நான் பக்கத்தில் நின்று மூச்சு விட்டால்கூட உதிர்ந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

கை ஒழுங்கையில் மாட்டு வண்டிலில் போய்வரும்போது எப்படியும் மூன்று நாலு மென்டில் உடையும். அடுத்த நாள் காலை ஐயா உடைந்த சாம்பலை வாயால் ஊதித் தள்ளிவிட்டுப் புதியதைக் கட்டுவார். அந்த "ஊ" இன்னும் காதுக்குள் கிடக்கிறது. அது தோரியம் ஒட்சைட்டுத் தூள் என்று நான் அறிந்தது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில்.

1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஊர் முழுக்கப் பெற்றோல்மாக்ஸ் எரிந்திருக்க வேண்டிய காலம் அது. மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைத்ததும் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் ஒரு விரல்கடை எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள், நானும் படிப்பித்தேன். பதினெட்டு விளக்கும் சுவரில் ஆணியில் தூங்கின. 1992இல் தங்கச்சியின் கலியாணத்துக்கு மட்டும் இரண்டை இறக்கினோம். அயலட்டைச் சனம் ஆளுக்கொரு சின்னப் போத்தலில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றியது. தாலி கட்டி முடியும் வரை எரிந்தது.

ஐயாவின் மென்டிலில் மூன்று பைக்கட் இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது.

3 பங்குனி, பின்னேரம்

"அப்ப அந்த வெள்ளை வெளிச்சம் கதிர்வீச்சாலதானே வந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நான் எழுதினது அப்படித் தொனித்திருந்தால் அது என் பிழை.

வெளிச்சத்துக்கும் கதிர்த்தொழிற்பாட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. தோரியம் ஒட்சைட்டு உருக 3300 பாகை செல்சியஸ் வேண்டும், ஒட்சைட்டுகளில் இதுதான் உச்சம். அதனால் மண்ணெண்ணெய்ச் சுவாலைக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் உருகாமல் வலைபோலவே நிற்கிறது. அதன் பங்கு அவ்வளவுதான், நெருப்புக்குள் நிற்கும் எலும்புக்கூடு. வெளிச்சம் தருவது அதோடு கலந்த ஒரு சதவீதச் சீரியம் ஒட்சைட்டு. தனித் தோரியத்தில் மென்டில் செய்தால் மங்கல். தனிச் சீரியத்திலும் மங்கல். 99க்கு 1 என்று கலந்தால் கண் கூசும் வெள்ளை.

இந்த விகிதத்தைப் பிடித்தவர் ஒஸ்திரியாக்காரர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக். 1885இல் அவர் செய்த முதல் மென்டில் பச்சை அடித்தது, கெதியில் உடைந்தது, விலைபோகவில்லை. 1891இல்தான் தோரியமும் சீரியமும் சரிவந்தது. ஒரு சதவீதத்துக்காக ஆறு வருடம்.

4 பங்குனி

விபரம் கேட்டவர்களுக்கு, மொத்தமாக.

சுத்தமான தோரியம் வெள்ளி நிறம், மென்மை, அடித்துத் தகடாக்கலாம். காற்றில் மெல்ல மெல்லச் சாம்பலாகிக் கறுக்கும். ஒரு கன சென்ரிமீற்றர் 11.7 கிராம், ஈயத்தைவிடக் கொஞ்சம் கூட. உருகுநிலை 1750 பாகை. துண்டாக இருந்தால் சாது, தூளாக இருந்தால் காற்றிலேயே தீப்பிடிக்கும். இயற்கையில் கிடைப்பதில் ஏறக்குறைய முழுவதும் 232 என்ற ஒரே சமதானி, அதாவது நிறையெண் 232 உள்ள ஒரே அணு வகை. அதன் அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி உடைந்து முடிய எடுக்கும் காலம், 1405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டுதான். பூமி உண்டானபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நாலு பங்கு இன்னும் அப்படியே கிடக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்ன நாள் ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், தோரியத்தின்ர அரைவாழ்வு தோராயமா எவ்வளவு?" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தத் தொகுதிப் பிள்ளைகள் ஒருவரும் இந்த விடையைப் பரீட்சையில் பிழைவிடவில்லை.

5 பங்குனி

"உதெல்லாம் வெள்ளைக்காரன்ர சாமான், எங்களுக்கும் உதுக்கும் என்ன?" என்று ஒரு குறிப்பு. இதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

1903இல் இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைமைக்கு வந்தவருக்கு வயது இருபத்தைந்து. ஆனந்த குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயப் பெண், தகப்பன் சேர் முத்துக் குமாரசுவாமி, அவரின் வழி யாழ்ப்பாணத்து வழி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் சகோதரியின் பிள்ளைகள். ஆனந்தரை நாங்கள் நடராசர் தாண்டவம், சிற்பம், சித்திரம் என்று மட்டும் பேசுகிறோம். அவர் முதலில் கற்களின் மனிதர். சப்பிரகமுவையில் பலாங்கொடைப் பக்கம் மாணிக்கம் அரிக்கும் சரளைக்குள் கறுப்புச் சதுரக் கட்டிகள் கிடந்தன, கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சின பாரம். 1904இல் அவர் கண்டுபிடித்த அந்தக் கல்தான் தோரியனைற்று. பாதிக்கும் மிக அதிகமாகத் தோரியம் ஒட்சைட்டு.

அந்தக் கல் லண்டனுக்குப் போனது. அங்கே சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஒரு ஜெர்மன் இளைஞர் வந்திருந்தார். இங்கிலீசு பழகுவதுதான் பெரிய நோக்கம். ராம்சே அவரிடம் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, இதற்குள் ரேடியம் இருக்கிறது, பிரித்துத் தா என்றார். பிரிக்கப் போனவருக்கு ரேடியத்தோடு எவரும் அறியாத இன்னொன்றும் அகப்பட்டது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார்கள், இன்றைய கணக்கில் தோரியம் 228. அந்த இளைஞர் ஒட்டோ ஹான். 1938இல் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டவர், 1944ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு பெற்றவர். அவரின் முதல் கண்டுபிடிப்பு பலாங்கொடை ஓடைக் கல்லுக்குள் கிடந்தது.

முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன். எங்கள் பாடநூலில் தோரியத்துக்கு ஒரு வரி. இந்தக் கதைக்கு அந்த ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளுக்கும் பாடத்திட்டத்துக்கு வெளியே இதைச் சொன்னேன். இரசாயனத்தில் நாட்டமில்லாத பிள்ளைகூடத் தலையை நிமிர்த்திக் கேட்கும்.

6 பங்குனி

திருத்தம். "கண்டுபிடித்தார்" என்று நான் எழுதினதை ஒரு வாசகர் பிடித்துவிட்டார், அவர் பிடித்தது சரி. குமாரசுவாமி அந்தக் கல்லை முதலில் யுரேனினைற்று என்றுதான் எண்ணினார். லண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் பகுத்துப் பார்த்து, இது புதிய கனிப்பொருள் என்று கண்டு தோரியனைற்று என்று பெயர் வைத்தவர் விந்தம் டன்ஸ்ரன். கல்லைப் பொறுக்கி, இதில் ஏதோ விசேஷம் உண்டு என்று அனுப்பிய பெருமை குமாரசுவாமிக்கு. அது என்னவென்று சொன்ன பெருமை டன்ஸ்ரனுக்கு. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கும் இப்படியேதான் சொல்லியிருக்கிறேன். அவர்களில் எவராவது இதை வாசித்தால் உங்கள் கொப்பியில் திருத்திக்கொள்ளுங்கள்.

தோரியத்தின் கதை திருத்தத்தோடுதான் தொடங்குகிறது. சுவீடன்காரர் பெர்செலியஸ் 1815இல் ஒரு கல்லைப் பகுத்துப் புதிய மூலகம் கண்டேன் என்று நினைத்து, இடி தெய்வமான தோரின் பெயரை வைத்தார். பத்து வருடத்தில் அது வெறும் இற்றியம் பொசுபேற்று என்று அவரே கண்டு, அவரே வெளியே சொன்னார். 1828இல் நோர்வேயின் ஒரு தீவிலிருந்து எஸ்மார்க் என்ற பாதிரியார் எடுத்த கறுப்புக் கல் அவரிடம் வந்தது. இந்த முறை உண்மையாகவே புதிய மூலகம். சும்மா கிடந்த பழைய பெயரை எடுத்து இதற்கு வைத்தார். தன் பிழையைத் தானே அறிவித்த மனிதர் வைத்த பெயர் என்பதால் எனக்கு அந்தப் பெயரில் தனி மரியாதை.

9 பங்குனி

ஐயாவின் "ஊ" பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

தோரியம் விடுவது பெரும்பாலும் அல்பாத் துணிக்கை. ஒரு கடதாசி மறிக்கும், எங்கள் தோலின் மேற்படையே மறிக்கும். அதனால் வெளியே இருக்கும் தோரியம் பெரிய எதிரி இல்லை. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் கடற்கரை மண்ணே மொனசைற்று மண், தோரியம் கலந்தது. அந்த மண்ணின் மேல் தலைமுறை தலைமுறையாகச் சனம் குடியிருக்கிறது. பல்லாண்டாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அங்கே புற்றுநோய் கூடினதாகக் காணவில்லை.

உள்ளே போனால் கதை வேறு. 1930களிலிருந்து எக்ஸ்ரே படம் தெளிவாக விழவேண்டும் என்று தோரியம் ஒட்சைட்டுக் கரைசலை நோயாளிகளின் இரத்தத்தில் ஏற்றினார்கள். தோரோத்திராஸ்ற் என்று பெயர். படம் அருமையாக விழுந்தது. ஏற்றிய தோரியம் வெளியே வரவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, மறிக்கத் தோலில்லாத இடத்தில் வருடக்கணக்காக அல்பாவை விட்டுக்கொண்டே இருந்தது. இருபது முப்பது வருடம் கழித்து ஈரல் புற்றுநோய் வந்தது. அதே மூலகம், அதே ஒட்சைட்டு. இருக்கிற இடம் மட்டும் மாறியது.

ஐயா ஊதினது திறந்த திண்ணையில், தூளில் பெரும்பங்கு காற்றோடு போயிருக்கும். ஒரு பங்கு உள்ளேயும் போயிருக்கும். எண்பத்து நாலு வயது வரை இருந்தார். கடைசி இருபது வருடம் இருமினார். சுருட்டும் குடித்தவர். ஒரு மனிதனின் இருமலுக்கு இதுதான் காரணம் என்று எவராலும் விரல் நீட்ட முடியாது, நானும் நீட்டவில்லை. ஒரு ஈரத்துணியால் துடைத்தெடுத்திருக்கலாம். சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சொல்ல விளக்கு எரியவில்லை.

10 பங்குனி

கணக்குக் கேட்டவருக்கு. ஒரு கிராம் தோரியத்தில் செக்கனுக்கு 4060 அணு உடையும். மென்டிலில் கால் கிராம் என்றால் செக்கனுக்கு ஆயிரம் அளவு. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: அவகாதரோ எண்ணை 232ஆல் வகுத்து, 0.693ஆல் பெருக்கி, அரைவாழ்வைச் செக்கனாக்கி அதனால் வகுங்கள்.

10 பங்குனி, இரவு

மேலே போட்டது குறைக் கணக்கு. வகுப்பில் பிள்ளைகள் விடுகிற அதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். தோரியம் உடைந்து உண்டாகும் பிள்ளை மூலகங்களை மறந்துபோனேன்.

தோரியம் 232 உடைந்தால் ரேடியம் 228, அது அக்தினியம், அது மறுபடி தோரியம், ஆனால் 228. அதுதான் ஹானின் ரேடியோதோரியம். பிறகு ரேடியம் 224. அதற்குப் பிறகு வருவது வாயு, தோரோன் என்று ரதர்போர்ட் காலத்துப் பெயர், அரைவாழ்வு 56 செக்கன் மட்டும். பிறகு பொலோனியம், ஈயம், பிசுமது என்று போய், அசையாத ஈயம் 208இல் வந்து நிற்கும். ஆறு அல்பா, நாலு பீற்றா. முழுச் சங்கிலியும் சமநிலையில் இருந்தால் அந்த ஆயிரத்தைப் பத்தால் பெருக்க வேண்டும்.

அதிலும் ஒரு வடிவான நுணுக்கம். ஆலையில் தோரியத்தைச் சுத்தமாக்கும்போது 232உம் 228உம் ஒரே மூலகம் என்பதால் பிரியாமல் ஒன்றாக வரும். நடுவில் இருக்கும் ரேடியம் போய்விடும். தோரியம் 228க்கு அரைவாழ்வு 1.9 வருடம். புதிதாக ஊட்டுவதற்கு நடுவில் ஆள் இல்லாததால் அது குறைந்துகொண்டு போகும். இதற்கிடையில் ரேடியம் 228 மெல்ல மெல்ல மறுபடி உண்டாகும், அதன் அரைவாழ்வு 5.75 வருடம். ஆகவே மென்டில் செய்து நாலைந்து வருடத்தில் கதிர்த்தொழிற்பாடு நன்றாகக் கீழே இறங்கி, பிறகு ஏறத் தொடங்கும். பரணில் நாற்பது வருடம் கிடந்த மென்டில் ஐந்து வயது மென்டிலைவிடக் கூடுதலாகக் கதிர் விடும். பழசானால் வீரியம் குறையும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொடங்கின வாசகருக்கு இதுவே இன்னொரு விடை: அந்த மென்டிலைப் புதிதாக மாட்டி எரிக்கவும் வேண்டாம். முதல் எரிப்பில் துணி கருகும்போது பிள்ளை மூலகங்களில் ஒரு பங்கு புகையோடு கிளம்பும்.

14 பங்குனி

வெளிவாசல் கேற் செய்யக் கோண்டாவிலில் ஒரு ஒட்டுக் கடைக்குப் போனேன். கறள் பிடிக்காத இரும்புக்கு ஆர்கன் வாயுவில் ஒட்டுகிறார்கள். பெடியன் கையில் பென்சில்போல ஒரு கம்பி, நுனியில் சிவப்பு நிறம். பார்த்தவுடன் விளங்கியது. தங்குதனில் இரண்டு சதவீதம் தோரியம் ஒட்சைட்டுக் கலந்த கம்பி அது. தோரியம் இருந்தால் இலத்திரன் இலகுவாகக் கிளம்பும், சுவாலை ஆடாமல் நிற்கும்.

ஒட்டும்போது பெரிதாக ஒன்றும் இல்லை. நுனி மழுங்கினால் சாணைச் சில்லில் பிடித்துத் தீட்டுகிறான், தூள் முகத்துக்கு நேரே பறக்கிறது. "தம்பி, சிவப்பு நுனியை விட்டிட்டுத் தோரியம் இல்லாத கம்பி கேட்டு வாங்கும். இருக்கிறதை முடிக்கும் வரைக்கும் முகக்கவசம் போட்டுத் தீட்டும்" என்றேன். "அன்ரி, உதைப்பற்றி இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை" என்றான். முதலாளியையும் கூப்பிட்டு மறுபடி சொல்லவைத்தான். நல்ல பிள்ளை. பெட்டியைப் பார்த்தோம், எச்சரிக்கை அச்சடித்துத்தான் இருக்கிறது, அவனுக்குத் தெரியாத மொழியில்.

15 பங்குனி

"புல்மோட்டை மண்ணில் இருக்கிற தோரியத்தை வைத்து முழு இலங்கைக்கும் கரண்ட் எடுக்கலாமே" என்று எழுதினவருக்குச் சுருக்கமாக.

புல்மோட்டைக் கடற்கரைக்கு மாணவர்களோடு போயிருக்கிறேன். கறுப்பு மண், வெயிலில் கால் வைக்க முடியாத சூடு. கறுப்பாகத் தெரிவது இல்மனைற்று என்ற கனிப்பொருள். பிள்ளைகள் காந்தத்தால் இழுத்து விளையாடினார்கள். மொனசைற்று அதற்குள் தேன் நிறத்தில் அரிதாகக் கிடக்கும் மணி, தோரியம் அந்த மணிக்குள். எங்கள் குடாநாட்டில் தேட வேண்டாம், இங்கே காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்.

தோரியம் தானாக எரியாது. நியூத்திரன் ஒன்றை விழுங்கி, புரோத்தக்தினியம் 233 ஆகி, அது 27 நாள் அரைவாழ்வில் யுரேனியம் 233 ஆன பிறகுதான் எரிபொருள். அதாவது முதலில் அடுப்பு மூட்ட வேறு எரிபொருள் வேண்டும். அந்த யுரேனியத்தோடு யுரேனியம் 232உம் கொஞ்சம் சேர்ந்து பிறக்கும், அதன் வழியில் வரும் தாலியம் 208 கடும் காமாக் கதிர் விடும், தடித்த சுவருக்குப் பின்னால் நின்றுதான் கையாளலாம். ஆனாலும் முடியாத காரியமில்லை. அமெரிக்காவில் சிப்பிங்போட் உலை 1977 முதல் 1982 வரை தோரியத்தோடு ஓடி, எரித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக எரிபொருளை உண்டாக்கிக் காட்டியது. கல்பாக்கத்தில் காமினி என்ற சின்ன உலை 1996 முதல் யுரேனியம் 233இல் ஓடுகிறது, 30 கிலோவாற்று. ஒரு தீவுக்கு மின்சாரம் என்பது இன்னும் தூரம். அதுவரை கூரையில் வெயில் தட்டுப் போடுங்கள்.

இந்தியக் கரையின் தோரியமும் ஒரு சுவையான வழியில்தான் அகப்பட்டது. 1909இல் ஷோம்பேர்க் என்ற ஜெர்மன் இரசாயனர் திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றுத் தும்பில் ஒட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்து, இதற்குள் மொனசைற்று இருக்கிறது என்று கண்டு, மணவாளக்குறிச்சி வரை தேடி வந்தார். தும்பில் ஒட்டின மண்ணைத் தட்டி எறியாமல் பார்த்த கண்.

19 பங்குனி

இதை எழுதுவதா விடுவதா என்று நாலு நாள் யோசித்தேன்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது, நான் படிப்பித்த பாடசாலையின் ஆய்வுகூடம் கூரையில்லாமல் நின்றது. அலுமாரி ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அதற்குள் கபிலப் போத்தல், பெயர்ச்சீட்டில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சத்தை வாசித்தேன்: தோரியம் நைத்திரேற்று. கால்வாசி வெள்ளைப் பளிங்கு, அடியில் கசிந்து கட்டிபட்டிருந்தது.

அலுவலகத்தில் சொன்னேன். "பயப்படுத்தாதேங்கோ ரீச்சர், புதைச்சு விடுங்கோ" என்று பதில். கொழும்புக்கு எழுதுவோம் என்றேன், பாதை இல்லாத நேரத்தில் ஒரு போத்தலுக்காக ஆர் எழுதுறது என்றார்கள். பதிவுப் புத்தகத்திலாவது எழுதி, எங்கே புதைத்தோம் என்று குறித்து வைப்போம் என்றேன். "எழுதினால்தான் பிரச்சினை" என்று முடித்துவிட்டார்கள். வேலையாள் வேப்ப மரத்தடியில் இடுப்பளவு கிடங்கு வெட்டினார். போத்தலை நானே இறக்கினேன். கிணறு அங்கிருந்து முப்பது அடி.

நான் அன்று இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, வாயில்லாதவள் இல்லை. பேசவில்லை.

20 பங்குனி

நேற்று எழுதினதை வாசித்துப் பலர் கிணற்றைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் என்னோடு இருபத்தெட்டு வருடம் இருந்தது. இரசாயனமாக யோசித்தால் இப்படி: நைத்திரேற்று தண்ணீரில் கரையும், உண்மை. ஆனால் எங்கள் மண் சுண்ணாம்பு. அமிலம் முறியும் இடத்தில் தோரியம் ஐதரொட்சைட்டாக வீழ்படிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோடு நடக்காது. பிள்ளை மூலகமான ரேடியம் அதைவிடக் கொஞ்சம் நடக்கக்கூடியது, ஆனால் அளவு மிகச் சிறிது. அதனால் கிணற்றுக்குப் போயிருக்காது என்பதுதான் என் எண்ணம். எண்ணம் என்பது அளவீடு இல்லை. அளக்க வேண்டும்.

2 சித்திரை

என்னிடம் படித்து இப்போது பௌதிகவியல் படிப்பிக்கிற பிள்ளை ஒருத்தி கதிர்வீச்சை அளக்கும் கைகர் எண்ணியோடு வந்தாள். முதலில் என் மேசையில், சும்மா: நிமிடத்துக்கு 20 அளவு, மழைத்துளி விழுகிற மாதிரி ஒன்று, ஒன்று. ஐயாவின் பைக்கட்டைக் கிட்டக் கொண்டுபோனோம். ஓட்டில் ஆலங்கட்டி விழுந்த சத்தம். 300ஐத் தாண்டியது. நடுவில் ஒரு அலுமினிய மூடியை வைத்தாள், பாதிக்கும் கீழே இறங்கியது. பைக்கட்டை ஒரு கை நீளத்துக்கு அப்பால் வைத்தால் மறுபடி மழைத்துளி. தம்பியைப் பயப்படாமல் இருக்கச் சொன்னது இதனால்தான்.

ஐயாவின் கைரேகை பட்ட கடதாசி அது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன்.

5 சித்திரை

பாடசாலைக்குப் போனோம். இப்போதைய அதிபர் எங்களை மறிக்கவில்லை, கூடவே வந்தார். வேம்பு நிற்கிறது. பக்கத்தில் சைக்கிள் கொட்டகை வந்துவிட்டது. மரத்தடியில், நான் நினைத்த இடத்தைச் சுற்றி, காலடி காலடியாக அளந்தோம்: 18, 22, 19, 21. கிணற்றுக் கட்டிலும் அதே. இடுப்பளவு மண் பீற்றாவையும் அல்பாவையும் மறிக்கும், காமாவிலும் பெரும்பகுதியை மறிக்கும், ஆகவே போத்தல் கீழே இல்லை என்று இது சொல்லவில்லை. மேலே வரவில்லை என்று சொல்கிறது. கிணற்றுத் தண்ணீர் இரண்டு போத்தலில் எடுத்திருக்கிறோம், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பார்ப்பதாக அந்தப் பிள்ளை பொறுப்பெடுத்திருக்கிறாள். முடிவு வந்தால் எப்படி இருந்தாலும் இங்கே எழுதுவேன்.

வேலையாளாக இருந்தவர் இப்போது இல்லை. அவரின் மகன் வந்து, அப்பா எப்போதும் இந்த மரத்துக்குத் தெற்கே மண்வெட்டி போடக்கூடாது என்று சொல்லுவார் என்றார். எவரும் எழுதி வைக்காததை அந்த மனிதர் தன் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்.

6 சித்திரை

அதிபர் ஆய்வுகூடப் பதிவுப் புத்தகத்தை மேசையில் வைத்துப் பேனையும் தந்தார். எழுதினேன்: தோரியம் நைத்திரேற்று, ஏறக்குறைய கால் போத்தல், 1996இல் புதைக்கப்பட்டது, வேம்பின் அடியிலிருந்து தெற்கே ஏழு அடி, ஆழம் மூன்றரை அடி, தோண்டுவதாக இருந்தால் முதலில் அறிவிக்கவும். கீழே கையெழுத்து, என்னுடையதும் அதிபருடையதும். பக்கம் 41.

வடமராட்சி வாசகருக்கு: உங்கள் பிஸ்கற் ரின்னிலும் ஒரு தாள் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதிவிடுங்கள்.